கயிறு கொடுத்தவர்

கடன் கேட்டு வருகிறவர்களைக் கண்டால் நமக்கெல்லாம் ஒரு ஜாக்கிரதை உணர்ச்சி வந்துவிடும். பணம் கேட்டால் மாசக் கடைசி என்போம். பைக் கேட்டால் பிரேக் சரியில்லை என்போம். புத்தகம் கேட்டால் அலமாரிச் சாவி காணாமல் போய்விடும். ஆனால் கயிறு கேட்டால் மட்டும் யாரும் யோசிப்பதே இல்லை. 'அதோ, அங்க கெடக்குது பாருங்க, எடுத்துக்குங்க' என்று கையைக் காட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

அந்தக் கயிற்றைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறேன்.

பொன்னேரிப் பக்கம் தெரிந்தவர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். ஒரு பக்கம் ஆரணியாறும் நெல் வயலும். இன்னொரு பக்கம் எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம், கும்மிடிப்பூண்டி சிப்காட். தச்சூர் கூட்டு ரோட்டுக்குப் போனால் சென்னையிலிருந்து கொல்கத்தா போகிற தேசிய நெடுஞ்சாலை. ரொம்ப காலம் 5-ஆம் எண்ணாக இருந்து, 2010-ல் எண்களை மாற்றியபோது 16 ஆன சாலை. இந்த வட்டாரத்தில் பாதி வண்டிகள் இன்னொன்றை இழுத்துக்கொண்டுதான் போகின்றன. கன்டெய்னரைச் சுமந்த டிரெய்லர் லாரி, வைக்கோல் டிரெய்லரை மாட்டிய டிராக்டர், இவற்றுக்கு நடுவே மூச்சு நின்றுபோன ஒரு கார், இன்னொரு காரின் முதுகில் கயிற்றால் கட்டப்பட்டு, சாதுவாகப் போய்க்கொண்டிருக்கும்.

அமெரிக்காவில் மாதிரி காருக்குப் பின்னால் குட்டி டிரெய்லர் ஒன்றை வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு வீடு மாற்றுகிற வழக்கம் நம்மிடம் இல்லை. வீடு மாற்றக் குட்டி யானை இருக்கிறது. மணலுக்கும் வைக்கோலுக்கும் டிராக்டர் இருக்கிறது. சில சமயம் டிரெய்லரை மட்டும் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கி, தன் டிராக்டரில் மாட்டிக்கொள்வார்கள். கார் நின்றால் கயிறு. எல்லாவற்றிலும் விஷயம் ஒன்றுதான். பொருள் ஒருவருடையது, ஓட்டம் இன்னொருவருடையது.

கயிறு கேட்கிற இடத்தில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும்:

"அண்ணா, கயிறு இருக்குதா? வண்டி நின்னுபோச்சு. மீஞ்சூர் வரைக்கும் கட்டி இழுத்துனு போவணும்."

"இருக்குது. சாயங்காலம் கொண்டாந்து குடுத்துடுப்பா."

அவ்வளவுதான். வாங்கியவர் கயிற்றின் வயசைக் கேட்கவில்லை. கொடுத்தவரும் எந்த வண்டியை எந்த வண்டி இழுக்கப் போகிறது, பின்வண்டியில் யார் உட்காரப்போகிறார்கள் என்று கேட்கவில்லை. கயிறு பத்திரமாகத் திரும்பி வர வேண்டுமே என்கிற கவலை மட்டும்தான் அங்கே இருந்தது.

என் கேள்வி இது. போகிற வழியில் அது அறுந்தால், அறுந்தது யாருடைய கயிறு?

இதென்ன பெரிய கேள்வி, கயிறுதானே என்று தோன்றும். ஒருமுறை இன்ஜின் ஓடாத காரில் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். காரில் பிரேக்கை லேசாக மிதித்தாலே பிடிக்கிறதே, அது நம் கால் பலம் இல்லை. பூஸ்டர் என்று ஒன்று உதவி செய்கிறது. பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் அதற்கு உயிர் கொடுப்பது இன்ஜின். இன்ஜின் நின்றால் ஒன்றிரண்டு மிதிக்கு அந்த உதவி மிச்சமிருக்கும். அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆகிவிடும். பிரேக் போய்விடுவதில்லை, இருக்கிறது. ஆனால் இரண்டு காலையும் வைத்து மிதிக்கிற மாதிரி மிதிக்க வேண்டும். பவர் ஸ்டீயரிங்கும் கனத்துவிடும். 'வண்டிதான் ஓடலையே' என்று சாவியை உருவி பாக்கெட்டில் போட்டுக்கொண்டால் ஸ்டீயரிங்கே பூட்டிக்கொள்ளும்.

கயிற்றின் குணம் இன்னும் விசேஷம். அது தொய்ந்திருந்து வெடுக்கென்று இழுபடும்போது, சீராக இழுப்பதைப்போலப் பல மடங்கு விசை அதன்மேல் விழுகிறது. நைலான் கயிறு கொஞ்சம் நீண்டுகொடுக்கும். நீளும்போது ரப்பர் மாதிரி சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். அறுந்த நொடியில் அத்தனையையும் சாட்டையாகத் திருப்பிக் கொடுக்கும். நுனியில் இரும்புக் கொக்கி இருந்தால் கேட்கவே வேண்டாம். சேற்றில் மாட்டிய வண்டியை இழுக்கும்போது சுற்றிலும் வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம் நிற்குமே, அதில் முன்வரிசை எப்போதும் சின்னப் பசங்கதான். விவரமான டிரைவர்கள் கயிற்றின் நடுவில் ஒரு கனத்த கோணிச் சாக்கைப் போர்த்துவார்கள். அறுந்தால் அது வீச்சை அமுக்கும். அதைவிட விவரமானவர்கள் முதலில் பசங்களை விரட்டுவார்கள்.

கயிற்றைத் தொய்யவிடாமல் பார்த்துக்கொள்கிற வேலை யாருடையது தெரியுமா? முன்னால் போகிறவருடையது என்று நினைப்போம். இல்லை. இழுப்பது முன்வண்டி. ஆனால் கயிறு விறைப்பாக இருக்கும்படி அவ்வப்போது லேசாகப் பிரேக் பிடித்துக்கொண்டே வர வேண்டியவர் பின்னால் இருப்பவர்தான். இன்ஜின் இல்லாதவர் கையில்தான் இருவரின் பத்திரமும் பாதி இருக்கிறது. 'நம்மளத்தான் இழுத்துனு போறாங்களே' என்று அவர் சாய்ந்து உட்கார்ந்துவிட்டால் கதை கெட்டது.

அரசாங்கத்துக்கும் இதெல்லாம் தெரியும். 1989-ஆம் வருஷத்துச் சாலை விதிமுறைகளில் இழுவைக்கு என்றே ஒரு விதி வைத்தார்கள். இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. கயிறோ சங்கிலியோ மற்றவர்கள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும். இழுபடும் வண்டியின் பின்னால் வெள்ளைப் பின்னணியில் கறுப்பில், 75 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில், 'ஆன் டோ' என்று எழுதியிருக்க வேண்டும். இழுபடும் வண்டியின் சீட்டில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும். வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. 2017-ல் அந்த விதிமுறைகளின் இடத்துக்குப் புதியவை வந்தபோதும் இழுவைக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

24 கிலோமீட்டரா, நடந்தே போயிடலாமே என்று சிரிக்காதீர்கள். ஒரு சின்னக் கணக்கு. அந்த வேகத்தில் 5 மீட்டரைக் கடக்க முக்கால் வினாடி ஆகும். அறுபதில் போனால் 0.3 வினாடி. முன்வண்டி சட்டென்று நின்றால், பின்னால் இருப்பவர் 'ஐயோ' என்று நினைத்து முடிப்பதற்குள் மோதியாகிவிடும். கல்லு மாதிரிப் பெடலை மிதிக்க நேரமே இல்லை.

இப்போது நம் கேள்விக்கு வரலாம். அறுந்தால் யார் பொறுப்பு?

நம் நாட்டில் இதற்கு ஒரு பழைய பதில் இருக்கிறது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 150-வது பிரிவு. ஒரு பொருளை இன்னொருவர் உபயோகத்துக்குக் கொடுப்பவர், அதில் தனக்குத் தெரிந்த குறையைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் கொடுத்து, அதனால் வாங்கியவருக்குக் கெடுதல் வந்தால் கொடுத்தவர் பொறுப்பு. இது இரவலுக்கு. வாடகைக்குக் கொடுத்தால் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. குறை தெரிந்திருந்தாலும் சரி, தெரியாவிட்டாலும் சரி, பொறுப்பு கொடுத்தவருடையதே.

அந்தக் காலத்துச் சட்டங்களில் ஓர் அழகு, கதை மாதிரி உதாரணம் சொல்வார்கள். ஒருவர் தன் முரட்டுக் குதிரையை, அது முரடு என்று தெரிந்தும் சொல்லாமல், இன்னொருவருக்கு இரவல் கொடுக்கிறார். குதிரை பிய்த்துக்கொண்டு ஓடுகிறது. ஏறியவர் விழுந்து அடிபடுகிறார். கொடுத்தவர் பொறுப்பு. அடுத்தது, ஒருவர் ஒரு வண்டியை வாடகைக்கு எடுக்கிறார். வண்டி பழுதானது. அது வாடகைக்கு விட்டவருக்கே தெரியாது. எடுத்தவருக்கு அடிபடுகிறது. அப்போதும் விட்டவர்தான் பொறுப்பு.

குதிரை போய் டிராக்டர் வந்துவிட்டது. சட்டம் அப்படியே இருக்கிறது.

வாடகைக்காரருக்கு இது கொடுமை என்று தோன்றலாம். தவணை கட்டி டிராக்டர் டிரெய்லர் வாங்கி, நாற்று நடவுக்கும் அறுவடைக்கும் நடுவே நாலு நடை வாடகை ஓட்டினால்தான் வங்கிக்குக் கட்ட முடியும் என்கிற நிலையில் இருப்பவர் அவர். கண்ணுக்கே தெரியாத ஒரு விரிசல் டிரெய்லரின் இழுவைக் கம்பியில் இருந்தால் அவர் என்ன செய்வார்? ஆனால் எதிர்ப்பக்கம் யோசியுங்கள். வாங்கிப் போகிறவர் அந்த டிரெய்லரை ஒருநாள் பார்க்கிறார். விட்டவர் வருஷம் முழுக்கப் பார்க்கிறார். கொக்கி பின் தேய்ந்திருக்கிறதா, டயர் வெடித்திருக்கிறதா, பின்விளக்கு எரிகிறதா என்று பார்க்க அவருக்குத்தான் வாய்ப்பு இருக்கிறது. வாடகை என்று நாம் கொடுக்கிற பணத்தில் பாதி இரும்புக்கு. மீதிப் பாதி, 'நான் பார்த்துட்டேன், நீங்க தைரியமா போங்க' என்கிற வார்த்தைக்கு. அந்த வார்த்தைக்குக் காசு வாங்கிவிட்டுப் பார்க்காமல் இருந்தால், விற்காத பொருளுக்குப் பில் போட்ட மாதிரி.

இரவல் கொடுப்பவரைச் சட்டம் இளக்காரமாக விடுவதற்கும் நியாயம் உண்டு. காசு வாங்காமல் உதவி செய்கிறவர் தலையில் எல்லாப் பாரத்தையும் ஏற்றினால் நாளைக்கு யாரும் எதையும் கொடுக்க மாட்டார்கள். ஊர் என்று ஒன்று ஓடுவதே கேட்டால் கொடுக்கிறவர்களால்தான். கோர்ட்டுக்கு இந்தக் கணக்கு சரி.

மனசாட்சிக்கு இது போதுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம்மில் ஒரு பழமொழி உண்டு. வாங்குகிறவருக்கான மரியாதை அது. சும்மா கிடைப்பதில் குறை சொல்லாதே என்று அர்த்தம். ரொம்ப சரி. ஆனால் அந்த மரியாதைக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. வாங்குகிறவர் பார்க்கக் கூடாது என்றால், கொடுக்கிறவர் பார்த்தாக வேண்டும் இல்லையா? யாருமே பார்க்காவிட்டால் அந்த மாட்டின் பல்லைப் பார்க்க யார் மிச்சம்?

வாடகை எடுப்பவர் தாராளமாகக் கேள்வி கேட்பார். 'இன்னாங்க, டயர் மொட்டையா கெடக்குது, வேற இல்லியா?' என்பார். காசு கொடுக்கிற தைரியம். இரவல் வாங்குபவருக்கு அந்த வாய் கிடையாது. கயிறு நைந்திருப்பது கண்ணில் பட்டாலும் சொல்லக் கூச்சப்படுவார். ஆக, சும்மா கொடுக்கிற இடத்தில்தான் வாங்குபவர் அதிகம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அதனால் அங்கேதான் கொடுப்பவரின் கண் அதிகம் திறந்திருக்க வேண்டும். சட்டம் சொல்வதற்கு நேர் தலைகீழ்!

'எனக்குத் தெரியாதுங்க' என்பது நல்ல பதில்தான். ஆனால் தெரியாமையில் இரண்டு ஜாதி. பார்த்தும் தெரியாதது ஒன்று, பார்க்காததால் தெரியாதது இன்னொன்று. அரிஸ்டாட்டில் இரண்டாயிரத்து முந்நூறு வருஷங்களுக்கு முன்பே இதைப் பிரித்திருக்கிறார். தெரிந்துகொள்ள வாய்ப்பிருந்தும் அலட்சியத்தால் தெரியாமல் இருந்தவரைத் தண்டிப்பது நியாயமே என்கிறார். மாட்டுக்கொட்டகை ஓரம் வருஷக்கணக்கில் வெயிலில் கிடந்த நைலான் கயிற்றின் பலம் பாதி போயிருக்கும் என்று தெரிந்துகொள்ள அரிஸ்டாட்டில் படிக்க வேண்டாம். விரலால் நிமிண்டினால் மாவு மாதிரி உதிரும்.

இதுவரை பேசியது கொடுத்தவர், வாங்கியவர் என்று இரண்டு பேரைப் பற்றி. மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். கயிற்றைக் கேட்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை, வாடகை பேசவும் இல்லை. ஆனால் அறுந்தால் அடி அவருக்கு. அவருக்கு யார் பதில் சொல்வது?

இந்தக் கேள்வி லண்டனில் ஒரு துறைமுகப் பணிமனையில் வந்தது. 1883-ல் தீர்ப்பான வழக்கு, ஹெவன் எதிர் பெண்டர் என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். கப்பலின் வெளிப்பக்கத்துக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். அதற்குப் பணிமனை உரிமையாளர், கயிற்றில் தொங்கும் சாரம் கட்டிக் கொடுத்தார். அந்தக் கயிறு ஏற்கெனவே தீயில் கருகியது. பெயின்ட் கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்த ஒரு தொழிலாளி அதில் ஏறி நின்றார். கயிறு அறுந்தது. விழுந்தார்.

பணிமனைக்காரரின் பக்கத்து வாதம், 'எனக்கும் அந்த ஆளுக்கும் ஒப்பந்தமே கிடையாது. நான் சாரம் கொடுத்தது கப்பல்காரருக்கு'. காகிதத்தின்படி உண்மை. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. சாரத்தைக் கட்டிக் கொடுத்தால் அதில் யாரோ ஒருவர் ஏறத்தான் போகிறார். அந்த யாரோ ஒருவருக்காகக் கயிற்றைப் பார்த்திருக்க வேண்டியது உங்கள் கடமை என்று சொல்லிவிட்டது. பெயர் தெரியாத, முகம் தெரியாத ஒருவருக்கும் நாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்கிற எண்ணம் ஆங்கிலச் சட்டத்தில் பரவலாக வேர்பிடிக்க அந்தக் கருகிய கயிறும் ஒரு காரணம்.

நம் நெடுஞ்சாலையில் அந்த மூன்றாவது ஆள் யார்? இரண்டு காருக்கும் நடுவே இருக்கிற 5 மீட்டர் இடைவெளியைப் பார்த்து, இருட்டில் கயிறு தெரியாமல், குறுக்கே நுழைகிற பைக்காரர். சிப்காட்டில் ராத்திரி ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தோடு வீடு திரும்புகிறவர். கயிற்றில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவதற்கு ஆகிற செலவு ஒன்றுமில்லை. கட்டாமல் போனால் அந்தக் குடும்பத்துக்கு ஆகிற செலவைக் கணக்குப் போட முடியாது.

சரி, பார்த்துக் கொடுப்பது மட்டும் போதுமா? சில சமயம் கொடுக்கவே கூடாது. இதுதான் நமக்கு ரொம்பக் கஷ்டமான பாடம்.

டிரெய்லர் வாடகையைப் பெரிய வியாபாரமாக ஆக்கியது அமெரிக்காவின் யூ-ஹால் கம்பெனி. 1945-ல், உலகப் போர் முடிந்த சமயம், ஒரு இளம் தம்பதி ஆரம்பித்தது. அங்கே டிரெய்லர் எடுக்கப் போனால், உங்கள் கார் என்ன மாடல் என்பதுதான் முக்கியமான கேள்வி. காரைவிட டிரெய்லர் கனமாக இருந்தால் யார் யாரை இழுப்பது என்கிற சந்தேகம் வளைவில் வந்துவிடும். சரக்கை ஏற்றும்போது 60 பங்கு முன்பாதியில், 40 பங்கு பின்பாதியில் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்புவார்கள். பின்னால் கனம் ஏறினால் டிரெய்லர் வாலாட்ட ஆரம்பிக்கும். ஆரம்பித்தால் வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும், கடைசியில் காரையே புரட்டும்.

2003 டிசம்பரில் இந்தக் கம்பெனி ஒரு முடிவு எடுத்தது. போர்டு எக்ஸ்ப்ளோரர் என்கிற கார் வைத்திருப்பவர்களுக்கு டிரெய்லர் வாடகைக்குக் கிடையாது. 2000-ல் அந்தக் காரின் டயர்கள் லட்சக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டு, கவிழ்ந்த விபத்துகளால் பெயர் கெட்டிருந்த நேரம். வாடிக்கையாளர்கள் கோபப்பட்டார்கள். 'நல்லாத்தானே ஓடுது என் கார்' என்றார்கள். கம்பெனி சொன்ன காரணம்தான் சுவாரசியம். கார் ஆபத்தானது என்று அவர்கள் சொல்லவில்லை. அந்தக் காரோடு சேர்ந்த வழக்குகளை நடத்திக் கட்டுப்படியாகவில்லை என்றார்கள்.

ஆக, உயிர்மேல் அக்கறையா, பணத்துமேல் அக்கறையா? ஜெர்மன் தத்துவஞானி கான்ட் 1785-ல் எழுதிய ஒரு புத்தகத்தில் கடைக்காரர் ஒருவர் வருகிறார். சின்னக் குழந்தை வந்தாலும் ஏமாற்றாமல் சரியான விலைக்குக் கொடுக்கிறார். நல்ல காரியம். ஆனால் கடைப்பெயர் கெடக் கூடாது என்பதற்காகச் செய்தால் அதில் ஒழுக்கத்தின் மதிப்பு இல்லை என்பது கான்ட்டின் கட்சி. கடமை என்பதற்காகவே செய்ய வேண்டுமாம்.

கான்ட் பெரியவர். இருந்தாலும், வளைவில் கவிழாமல் வீடு போய்ச் சேர்ந்த குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை. பயத்தால் கேட்கப்பட்ட கேள்வியும் உயிரைக் காப்பாற்றும். ஆனால் ஒன்று. கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார், பயமுறுத்த வழக்கு இருக்கிறது. நம் கயிறு கொடுக்கிற அண்ணனுக்கு இரண்டும் கிடையாது. அவர்மேல் யாரும் கேஸ் போடப் போவதில்லை. அவர் கேட்டால் அக்கறையால் மட்டும்தான் கேட்க முடியும். கான்ட் தேடிய ஆள் அமெரிக்காவில் இல்லை, நம் மாட்டுக்கொட்டகைப் பக்கம்தான் கிடைக்க வாய்ப்பிருக்கிறது!

மறுப்பது நமக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? நெல் ஏற்ற என்று டிராக்டர் டிரெய்லர் கேட்பார்கள். கொடுத்த பிறகு கோயிலுக்கு என்று முப்பது பேர் ஏறுவார்கள். பெரியவர்கள், பெண்கள், குழந்தைகள். 'மெதுவா போறோம்ணா' என்பார்கள். 'நீங்களா ஏத்துனீங்க, நாங்களாத்தானே ஏர்றோம்' என்பார்கள். வேண்டாம் என்று சொன்னால், 'பெரிய மனுஷனாயிட்டாரு' என்று நாலு மாசம் பேசுவார்கள். அடுத்த சீசனில் வாடகை வேறு ஆளுக்குப் போய்விடும்.

2022 அக்டோபர் 1-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் பக்கம், கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பிய கிராமத்து மக்கள் நிறைந்த ஒரு டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்தது. 25-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். டிராக்டரை விவசாய வேலைக்கும் சரக்குக்கும் மட்டும் பயன்படுத்துங்கள், ஆட்களை ஏற்றாதீர்கள் என்று அந்த மாநில முதல்வர் மக்களைக் கேட்டுக்கொண்டார். டிரெய்லரில் உட்கார்ந்து போக சீட்டும் இல்லை, பிடித்துக்கொள்ளக் கம்பியும் இல்லை, கவிழ்ந்தால் தடுக்கக் கூரையும் இல்லை. நெல் மூட்டைக்கு இவை எதுவும் தேவையில்லை என்பதால் வைக்கவில்லை. இன்சூரன்ஸும் சரக்குக்குப் போட்டதை ஆட்களுக்குத் தராது என்று கைவிரிக்க இடமிருக்கிறது.

வாங்கிப் போகிறவர்கள் தப்பித்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லவில்லை. அதே ஒப்பந்தச் சட்டம் 154-வது பிரிவில் அவர்களையும் பிடிக்கிறது. எதற்கு என்று சொல்லி வாங்கினார்களோ அதற்குத்தான் உபயோகிக்க வேண்டும். மாற்றி உபயோகித்து அந்தப் பொருளுக்குச் சேதம் வந்தால், எவ்வளவு ஜாக்கிரதையாக இருந்திருந்தாலும், வாங்கியவர் பொறுப்பு. இதற்கும் குதிரைதான் உதாரணம். கல்கத்தாவில் ஒருவர், காசிக்குப் போக என்று சொல்லிக் குதிரையை வாடகைக்கு எடுக்கிறார். போனதோ கட்டாக்குக்கு. குதிரை தற்செயலாக விழுந்து அடிபடுகிறது. எடுத்தவர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும். தச்சூர் கூட்டு ரோட்டில் நின்று வடக்கே பார்த்தால் தெரிகிற அதே சாலைதான் கட்டாக்கைத் தொட்டுக்கொண்டு கொல்கத்தா போகிறது. நெல்லுக்கு என்று வாங்கி ஆள் ஏற்றுவது, மீஞ்சூர் வரைக்கும் என்று வாங்கி செங்குன்றம் வரை இழுப்பது எல்லாமே கட்டாக் போன குதிரைதான்.

எனவே பொறுப்பு என்பது கைமாறுகிற பொருள் இல்லை. பணத்தைக் கொடுத்தால் நம் கையை விட்டுப் போய் அடுத்தவர் கைக்கு வந்துவிடுகிறது. பொறுப்பு அப்படிப் போவதில்லை. கொடுத்தவரிடமும் இருக்கிறது, வாங்கியவரிடமும் புதிதாக முளைக்கிறது. ஒரு கயிற்றுக்கு இரண்டு முனை இருக்கிற மாதிரி. ஒரு முனையை மட்டும் நன்றாக முடிச்சுப் போட்டால் வண்டி நகராது.

நடைமுறைக்கு வருவோம். யாராவது கயிறு கேட்டால் நாலு கேள்வி கேளுங்கள். எந்த வண்டியை எந்த வண்டி இழுக்குது? எங்கே கட்டப்போறீங்க? பின்னால யார் உட்காருவாங்க? எவ்வளவு தூரம்? இழுக்கிற வண்டி சின்னதாகவும் இழுபடுவது பெரியதாகவும் இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பம்பரில் கட்டப்போகிறேன் என்றால், காரோடு வந்த கருவிப் பையில் திருகி மாட்டுகிற கொக்கி இருக்கும், எடுங்கள் என்று சொல்லுங்கள். பின்னால் உட்காரப்போவது லைசென்ஸ் இல்லாத பையன் என்றால் கயிற்றை உள்ளே வையுங்கள். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி, எலெக்ட்ரிக் வண்டி என்றால் சக்கரம் தரையில் உருள இழுப்பது பெரும்பாலும் அந்த வண்டிக்கே ஆகாது. ரெக்கவரி வண்டியை வரச்சொல்லி மேலே ஏற்றிப் போவதே சரி. தேசிய நெடுஞ்சாலையில் நின்றுபோனால் 1033 என்கிற எண் இருக்கிறது, உதவி கேட்கலாம். இருட்டிவிட்டால், மழை பிடித்துவிட்டால், கயிறே வேண்டாம்.

டிரெய்லர் வாடகைக்கு விடுபவர்கள் கொக்கி பின்னைக் கையால் ஆட்டிப் பாருங்கள். பூட்டுக் கம்பி இருக்கிறதா, சங்கிலி மாட்டியிருக்கிறதா, பின்விளக்கும் சிவப்பு ஒளிர்பட்டையும் இருக்கிறதா என்று பாருங்கள். டிரெய்லருக்கும் தனிப் பதிவு எண் வேண்டும். இழுக்கிற வண்டியின் எண்ணும் அதன் முதுகில் தெரிய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. ஆள் ஏற்ற மாட்டோம் என்றால்தான் வண்டி என்று வாடகை பேசும்போதே சொல்லிவிடுங்கள். கிளம்பும்போது சொன்னால் சண்டை, முன்கூட்டியே சொன்னால் நிபந்தனை.

இவ்வளவு கேட்டால் கேட்டவர் மூஞ்சி சுருங்கும். சுருங்கட்டும். 'கயிறு கேட்டா கலெக்டர் மாதிரி விசாரிக்கிறாரு' என்று முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். அவரும் அவர் பின்னால் வருகிறவரும் முழுசாக வீடு போய்ச் சேர்ந்து, ராத்திரி சாப்பிடும்போது திட்டிக்கொண்டிருந்தால் அதைவிட நல்ல செய்தி என்ன வேண்டும்?

கடைசியாக ஒன்று. இதைப் படித்து முடித்ததும் வீட்டுப் பின்பக்கம் போய் அந்தக் கயிற்றை எடுத்துப் பாருங்கள். முறுக்கைக் கொஞ்சம் பிரித்து உள்ளே பாருங்கள். இழை உதிர்ந்தால், 'இருக்கட்டும், எதுக்காவது ஆகும்' என்று திரும்பவும் மாட்டிவைக்காதீர்கள். அது வீட்டில் முழுசாக இருக்கிற வரைக்கும் யாராவது ஒருநாள் அவசரத்தில் வந்து கேட்பார்கள். நீங்கள் இல்லாத நேரத்தில் வந்து வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்பார்கள். பிள்ளைகள் கையைக் காட்டிவிடுவார்கள். அதனால் அரிவாளை எடுத்து நாலாக வெட்டிவிடுங்கள். ஒரு துண்டில் துணி காயப்போடக் கொடி கட்டலாம், இன்னொன்றில் புடலைக்குப் பந்தல் கட்டலாம். அறுந்தால் ஈரத்துணி மண்ணில் விழும். திரும்பத் துவைத்துக்கொள்ளலாம்.